எடை மேடையில் இறக்கி வைத்த முட்டை

நீங்கள் எடுத்த கார் ஒப்பீட்டு வீடியோக்களை ஒன்று விடாமல் பார்த்துவிட்டேன். ஓய்வு பெற்றவனுக்கு வேறென்ன வேலை? நன்றாகவே இருக்கின்றன. கொஞ்சம் பொறாமைகூட வந்தது. 'எங்கள் காலத்தில்' என்று நான் ஆரம்பித்தால் நீங்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு எழுந்து போய்விடுவீர்கள் என்று தெரியும். அதனால் ஆரம்பிக்கவில்லை.

ஒரே ஒரு குறை. ஒரு காரின் முதல் பதிப்பு, இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டு எடுத்த எடுப்பில் எடையைச் சொல்கிறீர்கள். சொல்லும்போதே முகத்தைச் சுளிக்கிறீர்கள், சம்பந்தி வீட்டு விருந்தில் குழம்புக்கு உப்பு கூடிப்போன மாதிரி. நானும் கார்ப் பத்திரிகையில் இருந்த காலம் முழுக்க அப்படித்தான் சுளித்துக்கொண்டிருந்தேன். கொல்லிமலையில் ஒரு நாள் அந்தச் சுளிப்பு போய்விட்டது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு நடந்தது. காரின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அதன் ரசிகர்கள் என்னை உரித்துத் தொங்கவிடுவார்கள். குட்டிக் கார்தான், ஆனால் வேகத்துக்கென்றே செய்தது. முதல் பதிப்பில் ஒன்றுமே இருக்காது. மெல்லிய கதவு, சின்ன சக்கரம், ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது, ஏர்பேக் கிடையாது. ஆனால் ஸ்டீயரிங்கைத் தொட்டால் சாலையையே தொட்ட மாதிரி இருக்கும். இரண்டாவதில் என்ஜின் பெருத்தது, உடம்பும் பெருத்தது. மூன்றாவதில் டர்போ, பெரிய டிஸ்க் பிரேக், ஏபிஎஸ், ஆறு ஏர்பேக், ஓர் அகலத் திரை எல்லாம் வந்து சேர்ந்தன. பின்சீட்டில் இரண்டு மாமாக்களை நிரந்தரமாகக் குடிவைத்த மாதிரி எடை கூடியிருந்தது. கூடிய சக்தி கூடிய எடையைச் சுமந்ததா என்று பார்ப்பதுதான் எங்கள் வேலை.

அதற்கு எழுபது கொண்டை ஊசி வளைவு கொண்ட கொல்லிமலைச் சாலையைவிடப் பொருத்தமான இடம் இந்தப் பக்கத்தில் ஏது? பொதுச் சாலை என்பதால் நாங்கள் கடிகாரம் பிடித்து ஓட்டுவதில்லை. வளைவுக்கு முன்னால் வண்டி எப்படி அடங்குகிறது, உள்ளே எப்படித் திரும்புகிறது, வெளியே எப்படி எழுந்து வருகிறது என்று பார்ப்போம். அவ்வளவுதான்.

மூன்றாம் பதிப்பு கம்பெனியிலிருந்து வந்தது. இரண்டாம் பதிப்பை ஒரு நண்பரிடம் இரவல் வாங்கி முந்தின நாளே ஓட்டிப் பார்த்து அனுப்பிவிட்டோம். முதல் பதிப்புக்குத்தான் அலைந்தோம். இருக்கிறவை எல்லாம் பிரித்து மாற்றி, வெட்டி, ஒட்டியவை. தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே இருக்கும் ஒன்றை மலைக்குக் கீழே காளப்பநாயக்கன்பட்டியில் கண்டுபிடித்தவன் என் உதவியாளன் பிரபு. பொறியியல் படித்தவன், கெட்டிக்காரன், தசமப் புள்ளிக்கு அப்புறம் மூன்று இலக்கம் இல்லாவிட்டால் தூக்கம் வராதவன்.

கார் தாவூத் பாயுடையது. மலையில் விளையும் மிளகும் காபியும் வாங்கி விற்கிற வியாபாரி. வாரம் ஒரு நாள் மேலே போய் விவசாயிகளிடம் விலை பேசிவிட்டு வருவார். சரக்கு பின்னால் லாரியில் இறங்கும். பேச மட்டும் இவர் தன் சிவப்புக் காரில் போவார். அதை வேறு யாரும் ஓட்டியதில்லை. எங்களுக்குத் தரும்போதும் அதே நிபந்தனை: ஓட்டுவது அவர், பக்கத்தில் நான் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

வண்டியைப் பார்க்கப் போன அன்று வாசலிலேயே அவர் மனைவி ஜைனப் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க சார், நல்லாப் பாத்துச் சொல்லுங்க. இவருக்கு நெஞ்சு வலி வந்து சேலத்துல ஸ்டென்ட் வெச்சாங்க. இனிமே மலைக்கு வண்டி ஓட்டவே கூடாதுன்னு பிள்ளைக ஒத்தக் கால்ல நிக்கறாங்க. உங்க டெஸ்ட்டுல இந்தப் பழைய வண்டி தோத்துச்சுன்னா சாவியக் குடுத்துப்போட்டுக் கடையில உக்காந்துக்கறேன்னு வாக்குக் குடுத்திருக்காருங்க."

"ஜெயிச்சா?"

"நாங்க யாரும் வாயத் தொறக்கக் கூடாதாமுங்க."

"தோக்காது," என்றார் பாய், டயரைத் துடைத்துக்கொண்டே. "நீங்க உள்ளதச் சொல்லுங்க சார். போதும்."

நான் எழுதியதைப் படித்துக் கார் வாங்கியவர்கள் உண்டு, வாங்கிவிட்டுத் திட்டியவர்களும் உண்டு. ஒரு மனிதர் மலைக்குப் போவதும் போகாததும் என் வாயில் வந்து நின்றது அதுதான் முதல் தடவை. எனக்கு அவரையும் பிடித்துப் போயிருந்தது, அந்த வண்டியையும் பிடித்துப் போயிருந்தது. தீர்ப்பு சொல்கிறவனுக்கு இது நல்லதல்ல.

காரின் பின்சீட்டில் முட்டைத் தட்டுகள் அடுக்கியிருந்தன. கயிறு கட்டவில்லை, மேலே ஒரு துணி போர்த்தியிருந்தது, அவ்வளவுதான். நாமக்கல் மாவட்டத்தில் நின்றுகொண்டு முட்டையைப் பார்த்து ஆச்சரியப்பட்டால் ஆளைப் பார்த்துச் சிரிப்பார்கள். நான் ஆச்சரியப்படவில்லை. மலையில் ராமாயி என்று ஒரு பெண்மணி, மிளகுத் தோட்டத்து ஓரமாகவே டீக்கடையும் வைத்திருக்கிறார், அவர் கடைக்கு ஜைனப் அம்மா வாராவாரம் முட்டை அனுப்புகிறார் என்று பாய் சொன்னார்.

ஓட்டுவதற்கு முன் எடை போட வேண்டும். மரவள்ளிக் கிழங்கு லாரிகளுக்கு நடுவே எடை மேடையில் வரிசையில் நின்றோம். எங்கள் பத்திரிகையில் ஒரு கட்டளை உண்டு: எடை போடும் முன் காரில் ஓர் ஊக்குகூட இருக்கக் கூடாது. எங்கள் ஆசிரியர் போட்ட கட்டளை. முன்பு ஒரு முறை ஓர் இரவல் காரை ஓட்டிப் பார்த்து "மந்தமாக இருக்கிறது" என்று அச்சேற்றிவிட்டோம். பிறகுதான் தெரிந்தது, டிக்கியில் உரிமையாளரின் மச்சான் வீடு கட்ட வாங்கிய சிமெண்ட் மூட்டை கிடந்தது. ஆசிரியர் ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. பேசியபோது இந்தக் கட்டளையைத்தான் பேசினார்.

பிரபு அதை வேதமாக எடுத்துக்கொண்டவன். கால்மிதி, ஜாக்கி, தண்ணீர் பாட்டில் என்று ஒவ்வொன்றாக இறக்கினான். முட்டைத் தட்டுகளையும் இறக்கினான்.

"முட்டைய எதுக்குங்க எறக்கறீங்க?" என்றார் ஜைனப் அம்மா. எடை போடுவதை வேடிக்கை பார்க்க அவரும் வந்திருந்தார்.

"எல்லா வண்டியும் ஒரே மாதிரி இருக்கணும்மா."

"முட்டை இருந்தாத்தான் கண்ணு அது அவரு வண்டி."

"அது ரொம்பக் கொஞ்ச எடைதாம்மா. இருந்தாலும் ரூல் ரூல்தான்."

அந்த அம்மா என்னைப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்து, கணவர் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். முட்டை உடைந்துவிடுமே என்ற கவலை என்று நான் நினைத்தேன். "அப்ப முட்டைய நானே மடியில வெச்சுட்டு வாரேன்," என்று சொல்லிவிட்டுப் பிரபு ஓட்டப்போகும் புதுக் காரில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பாய் வாயைப் பிளந்தார். அந்த அம்மா கல்யாணமான புதிதில் ஒரு தடவை மலையேறி, வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்து, "இனி இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்று சபதம் போட்டவராம்.

ஆக, எங்கள் கட்டளையின் லட்சணத்தைப் பாருங்கள். பழைய காரிலிருந்து துரும்பைக்கூட விடாமல் இறக்கினோம். புதுக் காரில் முட்டையையும், தலைசுற்றலுக்குப் பயந்த ஒரு அம்மாவையும் ஏற்றினோம். ஒரே நிலையில் ஒப்பிடுகிறோமாம்!

அடிவாரத்தில் காரவள்ளி தாண்டியதும் பாய் ஒழுங்காகத்தான் ஓட்டினார். முதல் சில வளைவுகளில் கண்ணாடியைப் பார்த்துப் பின்சீட்டைப் பார்த்துக்கொண்டார். அங்கே ஒன்றுமில்லை. அப்புறம் மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கியரை ஒன்று இறக்கினார். அந்தக் கார் அன்று ஏறிய ஏற்றத்தை நான் எப்படிச் சொல்ல! இறக்கை முளைத்த மாதிரி என்றால் பொய். கால் இருக்கிற ஒரு பிராணி தனக்குத் தெரிந்த வீட்டுக்கு ஓடுகிற மாதிரி ஓடியது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பாய்க்கு அதைவிட. "பாத்தீங்களா? பாத்தீங்களா?" என்று ஒவ்வொரு வளைவிலும் கேட்டார். பின்னால் பிரபுவின் கார் கண்ணுக்கே தெரியவில்லை.

ராமாயி கடையில் நாங்கள் டீ குடித்து முடித்த பிறகுதான் அவர்கள் வந்தார்கள். ஜைனப் அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் அழுத்தியபடி இறங்கினார். முகம் வெளுத்திருந்தது. முட்டை ஒன்றுகூட உடையவில்லை. ராமாயி அவரை உள்ளே கூட்டிப்போய் ஜமக்காளம் விரித்துப் படுக்க வைத்தார். பாய் தொழப் போனார். நான் ஜெயித்த பக்கத்து ஆளாக மிதப்பில் உட்கார்ந்திருந்தேன்.

வெளியே வந்த ராமாயி ஒரு கூடையைப் பழைய காரின் பின்சீட்டில் வைக்கப் போனார். அதிலும் முட்டை. நாட்டுக்கோழி முட்டை. பிரபு ஓடிப்போய்த் தடுத்தான். "இறங்கும்போதும் எதுவும் இருக்கக் கூடாதுங்க."

ராமாயிக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"சாமி, இது இல்லாம அவர எறக்காதீங்க."

"ஏனுங்க, அவ்வளவு முக்கியமான முட்டையா?"

"முட்டையில என்னங்க இருக்குது? எங்கூட்டுலயே கோழி மேயுது, எனக்கு எதுக்குக் கீழ இருந்து முட்டை? பாய் பறந்துக்கிட்டு ஓட்டுவாருங்க. சொன்னாக் கேக்க மாட்டாரு. அதுக்குத்தான் அந்த அக்கா ஏறயில முட்டை வெக்கறது, நான் எறங்கயில முட்டை வெக்கறது. முட்டை ஒடஞ்சா அந்த அக்கா ரெண்டு நாளைக்குப் பேச மாட்டாங்க. அந்தப் பயத்துல மாடு மாதிரி மெதுவா வருவாருங்க."

நான் வயிறு குலுங்கச் சிரித்தேன். பல வருஷமாக ஒரு வியாபாரி மேலே கோழிப்பண்ணை முட்டையும் கீழே நாட்டுக்கோழி முட்டையுமாகச் சுமந்திருக்கிறார், அது வியாபாரம் என்று நம்பிக்கொண்டு! கூடையை வைக்கச் சொல்லியிருக்கலாம். அதற்குள் பாய் தொழுதுவிட்டு வந்து வண்டியில் ஏறிவிட்டார். அந்த அம்மா எழுந்ததும் தான் வருவதாகச் சொல்லி, எங்களைப் புறப்படச் சொல்லிப் பிரபு கையைக் காட்டினான். சிரிப்பு அடங்காமலே நானும் ஏறினேன்.

சிரிப்பு மூன்றாவது வளைவோடு நின்றது. ஏறும்போது பூமியே பாதி பிரேக் போட்டுத் தருகிறது. இறங்கும்போது எல்லாம் நம் காலில்தான். பாய் ஏறிய உற்சாகத்திலேயே இறங்கினார். இந்த மலையின் ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம். ஆனால் மனப்பாடம் செய்திருந்தது முட்டையோடு போகிற வேகத்தில். எங்கே பிரேக்கை மிதிக்க வேண்டும் என்று அவர் கால் அறிந்து வைத்திருந்த இடம், இந்த வேகத்துக்குத் தாமதமான இடம். இது எனக்குப் புரிந்தபோது, பாறையிலிருந்து கசிந்த தண்ணீர் சாலையில் ஓடிக்கொண்டிருந்த ஒரு வளைவுக்கு நேராக இறங்கிக்கொண்டிருந்தோம். கீழேயிருந்து பேருந்து ஒன்று திரும்பி ஏறியது. கொல்லிமலை வளைவில் பேருந்து திரும்பினால் சாலை முழுவதும் அதற்கே போதாது.

பாய் பிரேக்கை ஓங்கி மிதித்தார். முன் சக்கரங்கள் பூட்டிக்கொண்டன. ஸ்டீயரிங்கைத் திருப்பினார், கார் திரும்பவில்லை. ஈரத்தில் நேராக வழுக்கிக்கொண்டு பேருந்தின் முகத்துக்குப் போனது.

இங்கேதான் கவனியுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு அந்த நேரத்தில் கை பரபரக்கும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் பின்பக்கம் சுற்றிப் பள்ளத்துப் பக்கம் போகும். ஸ்டீயரிங்கைப் பிடித்து இழுப்பதில் பயனில்லை, சக்கரமே சுழலவில்லை. செய்ய வேண்டியது ஒன்றுதான்: அவர் பிரேக்கிலிருந்து காலைத் தளர்த்த வேண்டும். பேருந்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற மனிதரிடம் "பிரேக்கை விடுங்கள்" என்றால் விடுவாரா? எந்த மனிதனும் விட மாட்டான். யோசித்து விடுகிற காரியம் இல்லை அது. காலுக்கே நேரடியாகச் சொல்ல வேண்டும்.

"பாய்! முட்டை!" என்று கத்தினேன்.

அவர் கால் தளர்ந்தது. முட்டை உடையாமல் பதமாக மிதித்தே பழகிய கால், மூளையைக் கேட்காமலே தளர்ந்தது. சக்கரம் சுழன்றது, சுழன்றதும் கார் சொன்ன பேச்சைக் கேட்டது. மூக்கை மலைப்பக்கம் திருப்பி, மறுபடி பதமாகப் பிரேக்கை அழுத்தி, ஓரக் கால்வாயை உரசிக்கொண்டு நின்றார். பேருந்து கைநீட்டினால் தொடும் தூரத்தில் கடந்து போனது. ஓட்டுநர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. நியாயமான வார்த்தைகள்தான்.

 பிறகு பாய் மெதுவாகத் திரும்பிப் பின்சீட்டைப் பார்த்தார்.

"முட்டை இல்லீங்களே சார்."

ராமாயி சொன்னதை நான் சொன்னேன். மறைப்பதில் அர்த்தமில்லை. கேட்டுவிட்டு ஸ்டீயரிங் மேல் கையை வைத்தபடியே இருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

"ரெண்டு பேரும் சேந்துல்ல என்ன ஓட்டியிருக்காங்க," என்றார். அப்புறம் சாவியை எடுத்து என் கையில் வைத்தார். "திரும்பி மேல போலாங்க. நீங்க ஓட்டுங்க."

அவரைத் தவிர யாரும் ஓட்டாத அந்தக் காரை நான் ஓட்டியது அப்படித்தான். பத்திரமாக, மெதுவாக. மெதுவாக ஓட்டினாலும் அது இனிமையான வண்டிதான் என்பதையும் சொல்ல வேண்டும்.

ராமாயி கடையில் ஜைனப் அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார். காரை நான் ஓட்டி வருவதைப் பார்த்ததுமே எழுந்து நின்றுவிட்டார். பாய் எதையும் மறைக்கவில்லை. தண்ணீர், பேருந்து, என் கத்தல் எல்லாவற்றையும் அவரே சொன்னார். சொல்லி முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இப்பச் சொல்லுங்க சார். எது ஜெயிச்சுது?"

பிரபு கீழே பார்த்துக்கொண்டு நின்றான். ஜைனப் அம்மா என் வாயையே பார்த்தார். ஒரு பொய் சொன்னால் அந்தக் குடும்பத்துக்கு எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். ஆனால் உள்ளதைச் சொல்லுங்கள் என்றுதானே அந்த மனிதர் வண்டியைத் தந்தார்?

"வளைவுல உங்க வண்டிய அடிச்சுக்க ஆள் இல்லீங்க பாய். அத நான் எழுதுவேன். ஆனா இன்னைக்கு அந்த எடத்துல புது வண்டி இருந்திருந்தா, எவ்வளவு ஓங்கி மிதிச்சிருந்தாலும் சக்கரம் பூட்டியிருக்காது, நானும் கத்தியிருக்க வேண்டாம். உங்களுக்கு எது வேணும்னு கேட்டா, கனமான வண்டிதான் வேணும்."

பாய் தலையாட்டினார். என் கையிலிருந்த சாவியை வாங்கி மனைவியிடம் நீட்டினார். "தோத்துட்டேன். பிள்ளைகளுக்குப் போன் பண்ணிச் சொல்லிரு. இனிமே கடைதான்."

ஜைனப் அம்மா சாவியை வாங்கவில்லை.

"ஏனுங்க, ஆஸ்பத்திரியில இருந்து வந்து ஒரு மாசம் கடையில உக்காந்திருந்தீங்களே, ஊட்டுல ஒரு பேச்சு இருந்துச்சா? ஒரு சிரிப்பு இருந்துச்சா? நான் முட்டை வெச்சது நீங்க மெதுவாப் போகோணும்னுங்க. போகாம இருக்கோணும்னு இல்லீங்க."  முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. ஒப்புக்கொள்வதில் வெட்கமில்லை.

அந்த ஒப்பீட்டை எழுத உட்கார்ந்தபோது எடைப் பட்டியலில் என் கை நின்றுவிட்டது. மூன்றாம் பதிப்பில் கூடியிருந்த கனத்தைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். கதவுக்குள் ஓர் இரும்புத் தண்டு. கதவோரத் தூணில் ஒரு ஏர்பேக். பிரேக்குக்குப் பக்கத்தில் ஏபிஎஸ்ஸின் ஒரு சின்னப் பெட்டி. யாரோ ஒரு வீட்டில் யாரோ ஒருவர் திரும்பி வர வேண்டும் என்று நினைத்து, முகம் தெரியாத ஒரு பொறியாளர் வைத்த கனம் அது. அதற்கு முகத்தைச் சுளிக்க எனக்கு மனம் வரவில்லை. அகலத் திரைக்கும் அலங்காரச் சக்கரத்துக்கும் கூடிய எடையை நீங்கள் தாராளமாகத் திட்டுங்கள். நானும் சேர்ந்து திட்டுகிறேன். ஆனால் திட்டுவதற்கு முன் எது எதற்காக வந்தது என்று பிரித்துப் பாருங்கள். இரவல் வாங்கிய காரை எடை மேடையில் காலி செய்வதற்கு முன்னால் இது ஏன் இங்கே இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்த அம்மா சொல்ல வந்தார். நாங்கள் கேட்கவில்லை.

பாய் மூன்றாம் பதிப்பை வாங்கினார். சிவப்புக் கார் கடைவீதிக்குப் போய்வர மட்டும் என்று ஆகிவிட்டது. சில மாதங்கள் கழித்து ஒரு நாள் அவரே போன் செய்தார். ராமாயி கடையிலிருந்து பேசுவதாகச் சொன்னார்.

"புது வண்டி எப்படிப் போகுதுங்க பாய்?"

"எங்கீங்க போகுது? வாங்குன நாள்ல இருந்து ஒரு வாரங்கூட விடாம அவளும் பக்கத்துல ஏறி உக்காந்துக்கறா. வளைவுக்கு வளைவு கண்ண மூடிக்கறா, எலுமிச்சம்பழத்த மோந்துக்கறா, நாலு எடத்துல நிறுத்தச் சொல்றா. முடியலீன்னா ஊட்டுல இருடின்னு சொன்னாக் கேக்க மாட்டேங்கறாளுங்க."

குறை சொல்கிற மாதிரிதான் சொன்னார். வெகுநேரம் சொன்னார்.